ஆயிரத்து இருநூறு மீற்றர்

கல்முனை பஸ் நிலையத்தில் நிற்கிற முச்சக்கர வண்டிக்காரர்களில் பாதிப்பேர் என்னைப் 'பைலட் ஹாஜியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் விமானம் ஓட்டியதும் இல்லை, இன்னும் ஹஜ்ஜுக்குப் போனதும் இல்லை. விமான நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் முப்பத்தொரு வருசம் வேலை செய்தேன். அதில் பதினொரு வருசம் மேற்கு ஆபிரிக்காவில் ஒரு சின்ன நாட்டில் கழிந்தது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் பைலட் என்று கூப்பிட்டால் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் பென்சன்காரர் சங்கம் சிறப்பு மலர் ஒன்று போடுகிறது. மலருக்குப் பொறுப்பான இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர், மூன்று ஜும்ஆவாகப் பள்ளி வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆபிரிக்காவப் பத்தி ஒண்டு எழுதித் தாங்க. சிங்கம், ஆனை எல்லாம் கண்டிருப்பீங்க தானே?"

"நான் கண்ட பெரிய மிருகம் ஓடுபாதையில ஏறின மாடுதான் சேர்," என்றேன். "அத இஞ்ச மெயின் றோட்டிலயும் காணலாம்."

அவர் விடவில்லை. அதே கிழமை அந்த நாட்டிலிருந்து ஹவா ஒரு படம் அனுப்பினார். எங்கள் ஊரில் ஹவ்வா உம்மா என்று வைக்கிற அதே பெயர்தான் ஹவா. நான் அங்கே இருந்தபோது எனக்குக் கீழ் வேலை பழகிய பெண், இன்றைக்கு அந்தக் கோபுரத்துக்குப் பொறுப்பதிகாரி. படத்தில் ஓடுபாதையின் ஓரமாக இரண்டு கம்பங்கள் நின்றன. ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஒளியைப் பாய்ச்சி, காற்றில் எவ்வளவு தூசி, எத்தனை மீற்றர் தூரம் தெரிகிறது என்று மெசினே சொல்லிவிடுமாம். இனிமேல் யாரும் வெளியே போய்ப் பார்க்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தார். நான் ஒரு நாள் முழுக்க அந்தப் படத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பிறகு அதிபருக்குப் போன் பண்ணி, எழுதுகிறேன் என்றேன்.

நான் படித்து வேலைக்குப் போன கதையைச் சுருக்கிவிடுகிறேன். உயர்தரம் முடித்து, கொழும்புக்குப் பக்கத்தில் பயிற்சி எடுத்து, இருபது வருசம் இங்கேயே வேலை பார்த்தேன். பிள்ளைகள் மூன்று. மூத்தவள் பெண். பெண்ணைக் கட்டிக் கொடுக்க வீடு கட்ட வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். பேப்பரில் ஒரு விளம்பரம் கண்டு, இரண்டு வருசத்துக்கு என்று சொல்லி ஒப்பந்தத்தில் போனேன். இரண்டு பதினொன்றானது. வீடுகள் எழும்பின. அவற்றில் நான் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

அந்த விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் நிலக்கடலைத் தோட்டங்கள். மழைக்காலம் நமக்குப் பழகினதுதான். பழகாதது ஹர்மத்தான். டிசம்பர் பிறந்தால் பெரிய பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று கிளம்பி வரும். நமது கச்சான் காற்றில் உதடு வெடிக்கும், அதற்கு அப்பன் இது. மாவு போன்ற தூசி நாலைந்து நாள் வானத்திலேயே தொங்கும். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம். கோப்பையில் தேயிலை ஊற்றி வைத்தால் குடிப்பதற்குள் மேலே ஆடை படிந்துவிடும்.

தூசி வந்தால் பைலட்டுகளுக்கு எங்களிடமிருந்து ஓர் இலக்கம்தான் வேண்டும். எத்தனை மீற்றர் தெரிகிறது? அதை நாங்கள் கண்ணால் பார்த்தே சொன்னோம். கோபுரத்துச் சுவரில் ஒரு வட்டப் பலகை மாட்டியிருந்தது. எந்தத் திசையில் எந்தப் பொருள், எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று அதில் வரைந்திருந்தார்கள். சீமெந்துக் களஞ்சியம் ஐந்நூறு. பள்ளிவாசல் மினாரா எண்ணூறு. இரட்டைப் பனை ஆயிரத்து இருநூறு. நாலு காலில் நின்ற தண்ணீர்த் தாங்கி ஆயிரத்து ஐந்நூறு. வானொலிக் கம்பம் மூவாயிரம். எங்கள் ஓடுபாதையில் ஜெட் விமானம் இறங்க ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் தெரிய வேண்டும். ஆகவே எல்லாம் அந்தத் தாங்கியில்தான் இருந்தது. தாங்கி தெரிந்தால் விமானம் இறங்கலாம், தெரியாவிட்டால் வேறு நாட்டுக்குப் போக வேண்டும்.

பொறுப்பதிகாரியை எல்லோரும் பா மொடு என்றார்கள். 'பா' என்றால் வாப்பா, மொடு என்பது முஹம்மது. ஒல்லியான ஆள், கஞ்சி போட்டு அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை. அந்தத் தூசி நாட்டில் அந்தச் சட்டை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சத்தம் போட மாட்டார். பிழை விட்டவனுடைய கையிலிருந்து பென்சிலை மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அன்று முழுக்க அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். போன முதல் மாதமே என் பென்சிலும் போனது. அரை மணித்தியாலத்துக்கு முன்பு பார்த்த அதே வெளிச்சம்தானே என்று, வெளியே போகாமல் மூவாயிரம் என்று எழுதிவிட்டேன்.

"கம்பம் தெரியுதா?" என்று கேட்டார். அவர்கள் கதைத்தது அந்த நாட்டு இங்கிலீசு. நான் எங்கள் ஊர்க் கதையில் எழுதுகிறேன், எனக்கு அதுதான் வரும்.

"தெரியுது பா."

"கம்பத்தில இண்டைக்கு என்ன கட்டிக் கிடக்கு?"

எட்டிப் பார்த்தேன். யாரோ வேலையாட்கள் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பா மொடு கையை நீட்டினார். இருபது வருசச் சேவைக்காரன் நான், வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவருடைய முறை இது. கண்ணாடிக்குள் நின்று பார்க்கக் கூடாது, வெளிப் பல்கனிக்குப் போக வேண்டும். கண் வெளிச்சத்துக்குப் பழக அரை நிமிசம் நிற்க வேண்டும். கிட்டத்திலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போக வேண்டும், எடுத்த எடுப்பில் தாங்கியைத் தேடக் கூடாது. கறுப்பாக ஏதோ நிற்கிறது என்றால் அது கணக்கில்லை, இன்னது என்று அடையாளம் தெரிய வேண்டும். தூசி நாட்களில் இரண்டு பேர் பார்க்க வேண்டும், பழைய ஆள் ஒன்று, புதிய ஆள் ஒன்று. ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் ஆளுக்கொரு துண்டில் எழுதி மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு இலக்கமும் வேறுபட்டால் குறைந்ததைத்தான் பைலட்டுக்குக் கொடுக்க வேண்டும். அதில் பதவி, சேவைக்காலம் எதுவும் செல்லாது.

"பழைய ஆளுக்குத் தாங்கி எங்க நிக்கிது எண்டு தெரியும்," என்று ஒரு தரம் சொன்னார். "தெரிஞ்ச இடத்தில தெரிஞ்ச சாமானக் கண் தானாக் கீறிப் போடும். அதுதான் புதுசா ஒரு ஆள் வேணும்." நான் போவதற்கு முன்பு, யாரோ தாராளமாகக் கொடுத்த இலக்கத்தை நம்பி ஒரு சரக்கு விமானம் பனைகளை உரசிக்கொண்டு போனதாம். அதன் பிறகு அவர் போட்ட முறை இது.

மூன்றாவது வருசம் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் ஹர்மத்தானில் வந்து விழுந்தது. ஒரு ஜெட் நிறைய ஹாஜிகள், காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும். பா மொடு அன்று லீவு. அவருடைய மனைவி அந்த விமானத்தில் வருகிறார். நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, சீட்டுக் கட்டிக் காசு சேர்த்துப் போன மனிசி. ஷிஃப்டுக்குப் பொறுப்பு நான். எனக்குத் துணை ஹவா, அப்போது வேலைக்கு வந்து ஆறு மாதம்.

ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்க இரண்டு பேரும் வெளியே போனோம். முறைப்படி கிட்டத்திலிருந்து பார்த்தேன். களஞ்சியம், மினாரா, பிறகு மங்கலாக இரட்டைப் பனை. அதற்கு அப்பால் மஞ்சள் தூசிக்குள் நாலு காலும், அதன் மேல் வயிறு போல உருண்ட தாங்கியும் எனக்குத் தெரிந்தன. ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதிக் கவிழ்த்தேன். ஹவாவின் துண்டைத் திருப்பினால் ஆயிரத்து இருநூறு.

அந்த இலக்கத்தைக் கொடுத்தேன். விமானம் தலைக்கு மேலே வட்டமிடத் தொடங்கியது. இருபத்தைந்து நிமிசம் காத்திருக்க எண்ணெய் இருக்கிறது, அதன் பிறகு பக்கத்து நாட்டுத் தலைநகருக்குப் போக வேண்டும் என்றான் பைலட். கீழே வேலிக்கு அப்பால் வெள்ளை உடுப்பில் சனம். சத்தம் கேட்கும் பக்கமெல்லாம் முகங்கள் திரும்பின, விமானத்தைத்தான் காணவில்லை.

பத்து நிமிசத்தில் பைலட் மறுபடி வந்தான். பயணி ஒருவர், பெண், மூச்செடுக்கக் கஷ்டப்படுகிறார், அம்புலன்ஸ் வேண்டும். அம்புலன்சை வரச் சொல்லிவிட்டு மறுபடி வெளியே போனோம். மறுபடி நான் ஆயிரத்து ஐந்நூறு, ஹவா ஆயிரத்து இருநூறு. விமானத்தை வாடகைக்கு எடுத்த கொம்பனியின் ஏஜெண்ட் போனில் கெஞ்சினான்.

"முன்னூறு மீற்றர் மிஸ்டர் லெவ்வை. அந்த மனிசிக்கு ஏதும் நடந்தா முன்னூறு மீற்றருக்கு ஆர் வகை சொல்ற?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பா மொடு படியேறி வந்தார். பெரிய வெள்ளை அங்கி, தலையில் தொப்பி, மாப்பிள்ளை போல இருந்தார். விமானம் சுற்றுகிற சத்தம் கேட்டு வந்திருந்தார். மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

"சுகமில்லாத பொம்பிள ஒராள் உள்ளுக்கு இரிக்காங்களாம் பா," என்றேன். "பேர் சொல்லல்ல."

அவர் துண்டுகளை மேசையில் நேராக்கி வைத்தார்.

"அவக்கு மூச்சு முட்டுற வருத்தம் இரிக்கி," என்றார்.

"பா, நீங்க ஒருக்காப் பாருங்க. நீங்க சொன்னா நான் குடுக்கன்."

"இண்டைக்கு என்ட கண் சரி வராது லெவ்வை. மேல இரிக்கிறது என்ட பொஞ்சாதி." சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

இருபத்தைந்து நிமிசம் முடியப் போனது. கடைசித் தரமும் போய்ப் பார்த்தோம். எனக்குத் தாங்கி தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. ஹவா அழுகிற நிலையில் நின்றார், ஆனாலும் ஆயிரத்து இருநூறு என்றுதான் எழுதினார். ஷிஃப்டுக்குப் பொறுப்பு நான். என் இலக்கத்தைச் சொன்னால் ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. மைக்கை எடுத்தேன். "ஆயிரத்து இருநூறு" என்றேன்.

பைலட் திருப்பிச் சொன்னான். விமானம் இன்னொரு அரை வட்டம் போட்டுவிட்டு வடக்கே போனது. சத்தம் தேய்ந்து நின்றதும் பா மொடு எழும்பினார்.

"என்ன குடுத்தீங்க?"

"ஆயிரத்து இருநூறு பா."

"ரெண்டு பேர்ட துண்டையும் லொக் புத்தகத்தில ஒட்டி வைங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அது அவருடைய மனைவிதான். பக்கத்து நாட்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், பின்னேரம் அசர் நேரத்தில் மௌத்து. மையித்தை வைத்திருக்கக் கூடாதென்று கூட வந்த ஹாஜிமார் மறுநாள் காலையில் அங்கேயே அடக்கிவிட்டார்கள். பா மொடு றோட்டால் போனார். ஆற்றைக் கடக்கும் பாதைப் படகு பழுது, எல்லையில் ஒரு நாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஊருக்குப் போன் எடுத்து என் மனைவி ஜெமீலாவிடம் சொன்னேன்.

"அல்லாஹ்ட நாட்டம்," என்றாள். "நீங்க உங்கட வேலையத்தானே செஞ்சீங்க."

"எனக்குத் தாங்கி தெரிஞ்சது புள்ள. தெரிஞ்சதச் சொல்லியிருந்தா அந்த மனிசி அவட ஊரிலயாவது மௌத்தாகியிருக்கும்."

"அப்படியெண்டா விட்டுப் போட்டு வாங்க," என்றாள். "வீடு அரகொறையாக் கிடந்தாலும் பரவால்ல."

ஐந்தாம் நாள் பா மொடு வேலைக்கு வந்தார். அதே கஞ்சி போட்ட சட்டை. எல்லோருக்கும் சலாம் சொன்னார். லொக் புத்தகத்தைத் திறந்து, ஒட்டியிருந்த துண்டுகளைப் பார்த்துவிட்டுக் கீழே ஒப்பம் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் நாலு காலும் வயிறுமாக அந்தத் தாங்கி வந்து நிற்கும். இரண்டு கிழமையில் ராஜினாமாக் கடிதம் எழுதி அவருடைய மேசையில் வைத்தேன். அவர் அதை வாசித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் காலையும் தூசி. சுபஹு தொழுதுவிட்டுக் கோபுரத்துக்கு வந்த கையோடு என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தாங்கி தெரியுதா?"

பார்த்தேன். "தெரியுது பா."

"நாலு காலும்?"

"ஓம்."

"நேத்துப் பின்னேரம் ஆள் ஏத்தி, தாங்கிய முழுசாத் தார்ப்பாயால மூட வச்சன். தூசிட நிறத் தார்ப்பாய். அங்க இப்ப காலும் இல்ல, வயிறும் இல்ல. நீங்க காணுறது உங்கட தலைக்குள்ள இரிக்கிற தாங்கி. அண்டைக்கும் அப்படித்தான். ஹவா எழுதினதுதான் சரி." கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். "இத நீங்களே கிழிச்சுப் போடுங்க."

நான் அந்த இடத்திலேயே அழுதேன். வெட்கப்படவில்லை. மத்தியானம் தூசி விலகியபோது தாங்கி வழக்கம்போல நின்றது. தார்ப்பாயைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதன் பிறகு எட்டு வருசம் அவரோடு அதே கோபுரத்தில் வேலை செய்தேன். சின்னக் கிளாசில் தேயிலை ஊற்றி முதல் கிளாசை எனக்குத்தான் தருவார். நான் ஊர் திரும்பிய அடுத்த வருசம் அவர் மௌத்தானார்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதிபரிடம் கொடுக்கும் முன் வாசித்துப் பார்த்தபோது, தூசியின் நிறத் தார்ப்பாய் என்றால் என்ன நிறம், மஞ்சளா மண்ணிறமா என்று ஒரு சந்தேகம் வந்தது. நான் அதைக் கண்ணால் கண்டதில்லையே. போன வியாழக்கிழமை ஹவாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன தார்ப்பாய்?" என்றார் ஹவா.

சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"மிஸ்டர் லெவ்வை, அந்தக் கிழம முழுக்கப் பின்னேர ஷிஃப்டு நான். தாங்கிட்ட ஒருத்தரும் போகல்ல. போகவும் ஏலா. ஏணி கறள் புடிச்சு அறுந்து அப்பவே ரெண்டு வருசம். புதுசு போட்டது நீங்க போன பிறகுதான்."

"பா அப்படித்தான் சொன்னார்."

"அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்ல."

"நானும் கேட்டதில்ல."

அப்படியென்றால் பல்கனியில் வைத்து அவர் கேட்ட காலை நான் கண்டது தார்ப்பாய் மூடாத தாங்கிதான். விமானம் சுற்றிய அன்று ஹவாவுக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை, எனக்குத் தெரிந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். முறைப்படி கொடுத்தது சரி, அதில் எனக்கு இன்றும் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் என் கண்ணை நம்பியிருந்தால் அந்த விமானம் இறங்கியிருக்கும் என்பதைப் பா மொடு அறிந்திருந்தார். தன் மனைவியின் கப்றுக்கு ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்காத மனிதர், காணாததை எழுதினால் பென்சிலைப் பறிக்கிற மனிதர், என் முகத்தைப் பார்த்து இல்லாத தார்ப்பாயைச் சொன்னார். சாகும்வரை அதைத் திருத்தவும் இல்லை.

எட்டு வருசம் அவருக்கு முன்னாலிருந்து தேயிலை குடித்தேன். அந்த எட்டு வருசமும் நான் நன்றாகத் தூங்கினேன்.